இரண்டு தட்டுத் தண்ணீர்

வீட்டில் போர்வெல் போட்ட பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடும், மாடித் தொட்டி நிரம்பும், அடுப்படிக் குழாயில் தண்ணீர் கொட்டும். கடலை விட்டுத் தள்ளி மேற்கே இருக்கும் கிணற்றிலிருந்து வரும் தெருக்குழாய்த் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்ட காலம் முடிந்தது. என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். முதல் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, தித்திக்குது என்றார். நானும் கல்யாணத்துக்கு முன்னே உப்பு சுமந்தவள்தான். எனக்கும் தித்தித்தது. புதுச்சேரியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தங்கச்சி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, கரிக்குது என்று முகத்தைச் சுளித்தாள். டவுன்காரிக்குக் கொழுப்பு என்று கேலி செய்தேன்.

ஒரு வருஷத்தில் அவருக்குப் பிரஷர் ஏறியது. மயக்கம் வந்து உப்புப் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய், கருவாடு கூடவே கூடாது, இல்லாவிட்டால் பக்கவாதத்தில் கொண்டு விடும் என்றார் டாக்டரம்மா. பயந்துபோனேன். குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். பிரஷர் இறங்கவில்லை. ரசத்தில் உப்பே போடவில்லை. அப்போதும் இறங்கவில்லை.

எனக்குச் சந்தேகம் அவர் மேல் வந்தது. உப்பளத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யாராவது ஒரு துண்டு கருவாடு நீட்டாமலா இருப்பார்கள்? தூக்குச்சட்டியை மோந்து பார்த்தேன். அவர் விரலைக்கூட மோந்து பார்த்தேன், எனக்கு வெட்கமாவது மண்ணாவது.

"மாதா மேல சத்தியமா நான் தொடலடி" என்றார்.

"பொய் சத்தியம் பண்ணாதீங்க" என்றேன், அக்கம்பக்கத்தார் காதில் விழவே சொன்னேன். அதன் பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மழைக்காலம் வந்தது. பாத்தியெல்லாம் வெள்ளக்காடாகி வேலை நின்றது. தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு மாசம் அங்கேயே வாட்ச்மேன் வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் பிரஷர் பார்த்தால், நன்றாக இறங்கியிருந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டு என்ன சமைத்தாய் என்று கேட்டேன். தினமும் ஊறுகாய், வாரத்துக்கு இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு, மாமா ஆசையாகக் கேட்டாரே என்றாள். எனக்கு மண்டை காய்ந்தது. அதே மனுஷன். இங்கே உப்பில்லாமல் தின்று ஏறுகிறது, அங்கே கருவாடு தின்று இறங்குகிறதா? அரிசி, எண்ணெய், தூக்கம் என்று ஒவ்வொன்றாகத் துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில்தான் அவள் சொன்னாள், அவர்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தானாம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். தண்ணீரிலும் உப்பு இருக்கலாம், பார்த்துக்கொள் என்றார்.

வீட்டுக்காரர் சிரித்தார். உப்பளத்தில் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து ஒரு சொம்புப் போர் தண்ணீரில் மிதக்க விட்டார். அது பூஜ்யத்திலேயே நின்றது. பார்த்தியா என்றார். நானும் நம்பிவிட்டேன், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் பாத்திரம் விளக்கும்போது உறைத்தது. அந்தக் குழாய் உப்பு பூக்கப்போகும் தண்ணீரை அளப்பது. லாரியை எடை போடுகிற மேடையில் மூக்குத்தியை வைத்தால் அது என்ன காட்டும்? குழாயை விட்டுவிட்டு எங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து மொட்டை மாடியில் வைத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கடையில் வாங்கிய கேன் தண்ணீர். வற்ற வற்ற ஊற்றினேன். தை மாசத்து வெயில், ஒரு வாரம் காய்ந்தது.

கேன் தட்டில் லேசாகக் கறை. போர் தட்டில் வெள்ளையாகப் பொருக்கு.

வேலை விட்டு வந்தவர் அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்புதான். பகலெல்லாம் உப்புத்தண்ணி தெறிக்கிற வாய்க்கு எந்தத் தண்ணிதான் தித்திக்காது" என்றார்.

ரசத்தில் உப்பைத் தவிர்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாக என் கையாலேயே உப்பை ஊற்றிச் சோறு வடித்துப் போட்டிருக்கிறேன். அதைத் தின்றுவிட்டுச் சத்தியமும் பண்ணினார் அந்த மனுஷன். நான் அவர் விரலை மோந்து பார்த்திருக்கிறேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அன்னைக்கு மாதா மேல சத்தியம் பண்ணனே, அதையாவது இப்ப நம்புறியா?" என்று மட்டும் கேட்டார்.

பரண் மேல் கிடந்த குடத்தை இறக்கித் தூசி தட்டிக்கொண்டு, தெருக்குழாய் வரிசையில் போய் நின்றேன்.