தேவயானி டீச்சர் பிள்ளைகளை அனுப்பும் விதம்

"மூக்கத் துடைச்சிக்கோ. பித்தான போடு. இன்னாடி தல இது, பேயாட்டம்? உங்கம்மா என்ன இன்னா கேப்பாங்க?" என்றபடியே தேவயானி டீச்சர் ஒரு சிறுமியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திச் சடை பின்னுகிறார். அடுத்தவள் ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டின் அந்தச் சின்னப் பள்ளியில் மாலை மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அவர் கைக்கு வந்து போயாக வேண்டும்.

வரிசை வகுப்புப்படி கிடையாது, வழிப்படிதான். மேட்டுக் குடிசைக்காரர்கள் ஒரு வரிசை, ஓடையைத் தாண்டுகிறவர்கள் ஒரு வரிசை, ஜீப்புக்கு நிற்கிறவர்கள் சுவரோரம். மேலே மழை இறங்கியிருந்தால் ஓடை வரிசையை மட்டும் விடமாட்டார். யாராவது பெரியவர்கள் அக்கரைக்கு வந்து குரல் கொடுக்க வேண்டும். பாட்டில் மூடி இறுகியிருக்கிறதா, செருப்பு இடம் வலம் மாறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். "போய்ட்டு வர்றேன் டீச்சர்" என்று சொல்லாமல் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல வைப்பார். "போறேன்னு சொல்லாத. வர்றேன்னு சொல்லு."

எல்லோரும் போன பிறகு மலை சட்டென்று பெரிதாகிவிடும். பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, சாமைச் சோறும் ரசமுமாகக் காலத்தை ஓட்டுகிறார் டீச்சர். கணவர் தவறிப் பல வருடமாகிறது. மகள் பெங்களூருவில். வெள்ளிக்கிழமை சொந்த ஊரான செங்கத்துக்கு இறங்கினால் அங்கே பூட்டிய வீடு. அதனால் பல வாரம் இறங்குவதே இல்லை. "பஸ்சு கெடைக்கல" என்று போனில் மகளிடம் சொல்லிவிடுவார்.

ஆனால் போன வருடமும் இந்த வருடமும் எந்த வரிசையிலும் சேராத ஒருத்தி இருந்தாள். இரண்டாம் வகுப்பு அருணா. பெற்றோர் குடகுக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அத்தை மாணிக்கம்மாள் புளி உலுக்கப் போய்த் திரும்பி வந்து அழைத்துப் போகும்வரை அருணா டீச்சரோடுதான். இருவரும் படியில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்பார்கள். அருணா மலையில் நடந்த சங்கதிகளையெல்லாம் சொல்லுவாள். யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது என்பது வரைக்கும் டீச்சருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

போன மாதம் ஒருநாள், பிள்ளைகள் கலைந்த நேரத்தில், தாடி வைத்த ஆள் ஒருவர் பையோடு வந்து நின்றார்.

"அருணாவ கூட்டிக்கினு போவ வந்தேங்க. நான் அவ அப்பன், சக்திவேலு."

அருணா டீச்சரின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "இவரு யாரும்மா?" என்று டீச்சர் கேட்டதற்குத் தெரியாது என்று தலையாட்டினாள்.

"அத்தக்காரி வரட்டும். அதுவரைக்கும் உக்காருங்க" என்றார் டீச்சர். அந்த ஆளின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளை தன்னைவிட்டு இன்னும் உள்ளே ஒதுங்குவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாணிக்கம்மாள் வந்ததும் தூரத்திலேயே, "அண்ணே, எப்ப வந்த?" என்று கத்தினாள். சந்தேகம் அதோடு தீர்ந்தது. ஆனாலும் டீச்சர் வழிவிடவில்லை.

"பரீட்ச முடியட்டுமே. நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

"அவங்கம்மா தெனம் அழுதுக்கினு கெடக்குது டீச்சர். தோட்டத்துக்குப் பக்கத்துலயே ஸ்கூலு கீது. விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

அருணா இன்னும் புடவையை விடவில்லை. இரண்டு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை போகமாட்டேன் என்று அழும். அப்பன் தனியாகத் திரும்பிவிடுவான். அது டீச்சருக்குத் தெரிந்தது. ஆனாலும் சக்திவேலைப் பார்த்து, "இவள வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்க?" என்று கேட்டார்.

"பூனக்குட்டின்னு."

புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. டீச்சர் குனிந்து, "போ கண்ணு. உங்க அப்பாதான். தாடிதான் புதுசு" என்று முதுகில் கைவைத்து அவளை முன்னால் தள்ளினார்.

மறுநாள் விடிகாலை ஜீப்பில் அவர்கள் மலையிறங்கினார்கள். அன்று மாலை வரிசைகள் வழக்கம்போல் புறப்பட்டன. படியில் உட்கார டீச்சருக்கு மனம் வரவில்லை. பள்ளியைப் பூட்டிவிட்டு, "இன்னிக்கு நானும் கொஞ்ச தூரம் வர்றேன்" என்று மேட்டு வரிசையோடு ஏறினார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நெல்லிமரம், பாம்பு பார்த்த பாறை என்று காட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு குடிசையாக வர, ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் ஒன்றாம் வகுப்பு மஞ்சுளா மட்டும் டீச்சரின் கையைப் பிடித்தபடி நடந்தாள்.

ஒரு வேலிப்படலின் முன்னால் மஞ்சுளா நின்றாள். உள்ளேயிருந்து அடுப்புப் புகை வந்தது. யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் தன் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"வுடுங்க டீச்சர். எங்க வூடு வந்துட்சி."

டீச்சர் தன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.