என் ஊர்ப் பேச்சுக்கு ஒரு பயிற்சியாளர்

படத்துக்கான முதல் நடிப்புத் தேர்வில் நான் வசனத்தைப் பேசி முடித்ததும் இயக்குநர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். பிறகு, "தென்காசிக்காரங்க மாதிரி நல்லா பேசிக் காட்டுறீங்க. ஆனா எனக்குத் தென்காசிக்காரங்கதான் வேணும்" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பேருந்து எங்கள் தெருமுனையில் நின்றுதான் போகும். அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தாரே தவிர, நம்பியதாகத் தெரியவில்லை.

குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் வேடம் அது. கணவன் காணாமல் போகிறான். அவள் காவல் நிலையத்துக்கு நடையாய் நடக்கிறாள். பல வருடங்களாகச் சீரியல்களில் அண்ணியாகவும் டாக்டராகவும் வந்துபோய்க்கொண்டிருந்த எனக்கு முதன்முதலாகக் கைக்கு எட்டிய முழு வேடம். இன்னொரு நடிகையும் பட்டியலில் இருந்தாள். இரண்டு பேரையும் அடுத்த மாதம் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போவேன். அங்கே எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன்.

சென்னைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடமே ஊர்ப் பேச்சை விடு என்பதுதான். 'வருதான்', 'சொல்லுதா' என்று வாயில் வந்தாலே செட்டில் சிரிப்பார்கள். செய்தி வாசிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். பிறகு யாரும் எந்த ஊர் என்று என்னைக் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

படக் கம்பெனி எங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பேச்சுப் பயிற்சியாளர்களை ஏற்பாடு செய்தது. எனக்கு வந்தவள் என்னைவிடச் சின்னவள். மொழியியல் படித்தவள். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பொள்ளாச்சிக்காரி எனக்குத் தென்காசித் தமிழ் சொல்லித்தரப் போகிறாளா என்று உள்ளுக்குள் கொதித்தேன். அவளோ வசனத்தை மூன்று தடவை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வார்த்தையெல்லாம் சரிதானுங்க்கா. ராகம்தான் சீரியல் ராகம். அப்புறம், இன்ஸ்பெக்டர்கிட்ட யாராச்சும் லே போட்டுப் பேசுவாங்களா?" என்றாள்.

எழுதியிருந்த வசனத்தில், 'டா' மாதிரி உரிமையில் சொல்லும் அந்த 'லே' இல்லை. நானாகத்தான் வாக்கியத்துக்கு ஒன்றாகச் சேர்த்திருந்தேன். சினிமாவில் எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவதாகக் காட்டுவதை நானும் நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். தானும் கூட வரலாமா என்று கேட்டாள். இரண்டு பேரும் ரயிலேறினோம்.

ஒன்றும் தானாக வரவில்லை. அண்ணன் மனைவி, என் மதினி, என்னிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். நான் வாயைத் திறந்ததும் அவளுடைய தமிழும் இஸ்திரி போட்டதுபோல ஆகிவிட்டது. அண்ணன் தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட வந்தவன், மாடியில் என்னுடைய அறையை வாடகைக்கு விடப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று கத்தினேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"கோவத்துலயும் டிவில பேசுத மாதிரிதான் பேசுத."

அறையைப் பற்றிய கோபம் அங்கேயே அணைந்துவிட்டது. அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஊர்ப் பேச்சு எனக்குள் எங்கேயோ பத்திரமாகக் கிடக்கிறது, கோபமோ அழுகையோ வந்தால் பீறிட்டு வெளியே வரும் என்று. கோபம் வந்தது, பேச்சு வரவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். பிறகு மாடிக்குப் போய்ப் பயிற்சியாளரிடம், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடு என்றேன். அவள் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

குற்றாலம் பேருந்தில் உட்கார்ந்து, சுற்றிலும் பேசுகிறவர்களைச் சும்மா கேட்கச் சொன்னாள். வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் பிடித்து, வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். முன் இருக்கையில் பக்கத்து ஊரான வடகரையைச் சேர்ந்த பெண் ஒருத்தி வளைகுடாவில் இருக்கும் கணவனோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள். அங்கன வெயில் எப்படி என்று கேட்டாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். அவள் குரல் ஏறுகிற இடத்தில் நான் ஏறி, அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி முனகினேன். அவள் கண்ணைத் துடைத்தபோது என்னால் முனக முடியவில்லை. மேற்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதித் தூரத்தைச் சாரலில் நடந்தோம்.

குற்றாலத்தில் சீசன் கூட்டம். பழக்கடை ஒன்றில் மங்குஸ்தான் என்ன விலை என்றேன், ரம்புட்டான் என்ன விலை என்றேன், மறுபடி மங்குஸ்தானுக்கே வந்தேன். கடைக்காரம்மா தராசைக் கீழே வைத்தாள்.

"வாங்குதியளா, இல்ல வெல மட்டும் கேக்குதியளா?"

பயிற்சியாளர் என் கையைக் கிள்ளினாள். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் போய் நின்றோம். "கவனிச்சீங்களாக்கா? கடைசியில இழுக்கவே இல்ல. நடுவுல ஏத்திட்டு வெடுக்குனு நிறுத்திட்டாங்க. நீங்க ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்து முடிக்கறீங்க. சீரியல்ல அடுத்த ஷாட் வர்றவரைக்கும் இழுத்து இழுத்துப் பழகிட்டீங்க."

மீதி நாள்களெல்லாம் அந்த வேலைதான். நடந்துகொண்டே பேசினேன், பழம் உரித்துக்கொண்டே பேசினேன், அருவி இரைச்சலில் அவளுக்குக் கேட்கும்படி கத்திப் பேசினேன். ஒரு வசனத்தில் மட்டும் இரண்டு நாள் நின்றோம். 'சொல்லுதேன்' என்பதில் 'து'வை அழுத்தினால் கேலியாகக் கேட்டது, விழுங்கினால் சென்னையாகிவிட்டது. ஒருதடவை சரியாக வரும், அடுத்த தடவை கைவிட்டுப் போகும். நன்றாகத் தூங்கியதாக நினைவில்லை.

சென்னை திரும்பி இரண்டாம் தேர்வுக்குப் போனேன். வெளியே அந்த இன்னொரு நடிகையும் தனக்குள் முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எதிரே இன்ஸ்பெக்டராக உதவி இயக்குநர் உட்கார்ந்து, ஓடிப்போனவன் எங்கே வரப்போகிறான் என்று கேட்டார்.

"அவிய வரமாட்டாவன்னு நான் சொல்லல்ல சார். இன்னும் வந்து சேரல்லன்னுதான் சொல்லுதேன்."

இழுக்காமல் நிறுத்தினேன். உதவி இயக்குநர் தன் அடுத்த வசனத்தைத் தாளில் தேடினார். அதற்குள் இயக்குநர் எழுந்து வந்து, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். அடுத்த வாரம் வேடம் எனக்கு என்று முடிவாயிற்று. பயிற்சியாளருக்குத்தான் முதலில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். உடனே, மூன்றாவது காட்சியில் இன்னும் இரண்டு இடம் சரியில்லை, நாளைக்கு வருகிறேன் என்றாள்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். பால்கனியில் நடந்தபடியே நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். மதினியைக் கேட்டேன், மழையைக் கேட்டேன், அறையை வாடகைக்கு விட்டாச்சா என்று கேட்டேன். எல்லாம் ஊர்ப் பேச்சில்தான், ஒரு இடத்திலும் தட்டவில்லை. அண்ணன் குறுக்கிட்டான்.

"ஏட்டி, இப்பம் நீ பேசுதியா, நடிக்கியா?"

பேசுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எந்தத் தமிழில் சொல்வது என்று ஒரு நொடி தயங்கிவிட்டேன். அதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, அப்புறம் கூப்பிடுதேன் என்று அவன் வைத்துவிட்டான்.