பைபாஸ் வார்டில் ஒரு சிவப்புச் சீட்டு

கிட்ட வந்து உட்காருங்க. ஓசூரில் இதய ஆஸ்பத்திரி ஆயா வேலை என்றால் பெட்பேன் எடுப்பதும் தரை துடைப்பதும்தான் என்று நினைப்பீர்கள். பார்க்க வருகிறவர்களிடமிருந்து நோயாளியைக் காப்பாற்றுவதுதான் பாதி வேலை. ஆஸ்பத்திரியில் ஆள் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

பாஸா, பெயிலா?

குமரேசன் திண்டுக்கல் பக்கத்து ஆள். இங்கே வண்டிப் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சரியில்லாத பாகத்தில் சிவப்புச் சீட்டு கட்டிவிடுவார். கட்டிவிட்டால், குறை சரியாகிச் சீட்டை அவிழ்க்கிற வரை அதை ஒருத்தரும் தொடக்கூடாதாம். அவருக்கே இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுத்தான் பைபாஸ் ஆப்பரேஷன் பண்ணுவோம். நிறையப் பேர் நல்லா நடந்து வீட்டுக்குப் போறாங்க. ஆனா கிட்னி சோர்ந்து போகலாம், பக்கவாதம் வரலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம். உங்களுக்குச் சர்க்கரை வேற, புண்ணு ஆற லேட்டாகும். செய்யாம விட்டா அதைவிட ஆபத்து." குமரேசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரி சார், பாஸா பெயிலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஆறுதல் பஸ்

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கும்பலாக உள்ளே வந்தார்கள். தளி ஊர்க்கார மாதையன் ஒரு முட்டைக்கோஸை வைத்துவிட்டு ஸ்டூலில் சட்டமாக உட்கார்ந்தார். "எங்க மச்சானுக்கும் இதே ஆப்பரேஷன்தான். நல்லா பேசிட்டுதான் உள்ள போனாரு..." என்று நிறுத்தினார். அடுத்தவர் தன் சித்தப்பா கதையை எடுத்தார். செத்தவர்கள் கதையாகவே வந்தது. பிழைத்து வேலைக்குப் போகிறவன் ஒருத்தன்கூடவா இவர்களுக்குத் தெரியாது?

குமரேசனுக்கு வேர்த்துவிட்டது. எழுந்து போங்கய்யா என்று நான் கத்தினேன். மாதையன் முகம் வாடிப்போய்ச் சொன்னார்: "நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம்னுதானே ஆயாம்மா வந்தோம்?"

மாடிப்படி

மறுநாள் காலையில் கட்டிலில் ஆளைக் காணோம். சட்டை பேண்ட் மாட்டிக்கொண்டு, பையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நானும் அவர் பெண்சாதி செல்வியும் ஓடினோம். பாதிப் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்வி அழவில்லை, திட்டவுமில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தள்ளுவண்டியில் ஏற்றும்போது அந்த மனுஷன் கேட்கிறார்: "மெஷினை நிறுத்தாம ரிப்பேர் பண்ண வழியே இல்லையா ஆயாம்மா?"

மூன்று உருண்டை

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் தலைவலி அதற்கப்புறம்தான். மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுப்பார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் உருண்டை மேலே ஏறும். வலிக்குப் பயந்து இழுக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும். இவர் என்ன செய்தார் தெரியுமா? நர்ஸ் வருகிற நேரத்தில் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "பாருங்க, மூணும் மேலே" என்றார்! ஊரான் பாகத்தில் மயிரிழை குறை கண்டுபிடிக்கிற ஆள்.

காய்ச்சல் வந்தது. சளி இறங்காவிட்டால் திரும்பவும் மூச்சு மெஷினில்தான் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். செல்வி அவருடைய சாப்பாட்டுப் பையைத் துழாவி ஒரு கட்டு சிவப்புச் சீட்டை எடுத்தாள். ஒன்றை அவர் மணிக்கட்டிலேயே கட்டினாள். மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. அவள் டப்பாவை நேராக நிமிர்த்திக் கையில் கொடுத்தாள்: "உருண்டை ஏறினாத்தான் அவுப்பேன். உங்க கம்பெனி சட்டந்தானே?"

ஸ்டூல்

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். சளி கரைந்தது, காய்ச்சல் விட்டது, சீட்டும் அவிழ்ந்தது. வீட்டுக்குப் போக இருந்த சமயத்தில் வாசலில் மறுபடியும் அதே பஸ். செல்வி எட்டிப் பார்த்தாள். அவிழ்த்த சீட்டை எடுத்து ஸ்டூல் காலில் கட்டிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

மாதையன் உட்காரப் போனவர் சீட்டைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் ஸ்டூலைச் சுற்றி எட்டவே நின்றார்கள். நின்றபடி எவ்வளவு நேரம் சாவுக் கதை சொல்ல முடியும்? "சரி, உடம்பைப் பார்த்துக்கப்பா" என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாதையன் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டார்: "இந்த ஸ்டூலுல என்ன குறை தங்கச்சி?"

இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் என்னால் காலி பண்ண முடியாத வார்டை ஒரு துண்டுச் சீட்டில் காலி பண்ணின அந்தப் புண்ணியவதி, போகிறபோது மிச்சச் சீட்டுக் கட்டை என் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனாள்.