காக்காச் சோறு அடைச்ச பைப்பு

எனக்குக் கோவம் வந்தா கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. ஆனா அந்தக் கோவம் மட்டும் வரலன்னா எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வந்திருக்கவே மாட்டா. அதனால கோவப்பட்டதுக்கு நான் இன்னிக்கு வரைக்கும் வருத்தப்பட்டதே கெடையாது.

பாகூர் பக்கம் எங்க வூடு. தளம் போட்ட சின்ன வூடுதான். மாடியில விழுற மழைத்தண்ணி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி வந்து, அங்க இருக்கற ஓட்டை வழியா பைப்புல எறங்கி, பின்பக்கம் கொட்டும். பைப்புக்குக் கீழ நான் எப்பவும் அண்டா வைப்பேன். மழைத்தண்ணியில பருப்பு வெண்ணெயா வேகும்.

புரட்டாசிக் கடைசியில நல்ல மழை. பொண்ணுக்கு ஒழிச்சு வெச்சிருந்த ரூமைப் பாக்க அபிஷேகப்பாக்கத்துலேந்து சம்பந்தியம்மா வந்தாங்க. வந்த நேரமா பாத்து சீலிங்லேந்து ஒரு சொட்டு அவங்க தோள் மேலயே விழுந்துச்சு. சுவரெல்லாம் ஓதம். முந்தானையால தோளைத் தொடச்சிக்கிட்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. பச்ச ஒடம்புக்காரியையும் கொழந்தையையும் இந்த ஈரத்துல எப்பிடி வைக்கறது? புள்ள எங்க வூட்லயே இருக்கட்டும்"னாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஊரு பேசறதை வுடுங்க, எம் பொண்ணு மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்? வளைகாப்புக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருந்துச்சு.

மேஸ்திரியைக் கூப்ட்டோம். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "தளமே போச்சும்மா. மேல கொத்திட்டுப் புதுசா தள ஓடு பதிக்கணும். மழையில வேலை ஆவாது, தையில வெச்சிக்கலாம்"னாரு. தையிலயா? அதுக்குள்ள எம் பேரப்புள்ளைக்குப் பேரே வெச்சி முடிச்சிருப்பாங்கய்யா!

மறுநாள் மழை பிச்சிக்கிட்டு ஊத்துச்சு. பின்பக்கம் போய்ப் பாத்தா அண்டாவுல ரெண்டு சொம்புத் தண்ணிகூட இல்ல. பக்கத்து வூட்டுப் பைப்பு ஓன்னு கொட்டுது, எங்க பைப்பு மூக்கு ஒழுவற மாதிரி ஒழுவுது. அப்ப மேல விழுற தண்ணி எங்கதான் போவுது? தளம் போச்சா, பைப்பு போச்சான்னு பாத்துடறேன்னு பொடவைய இழுத்துச் சொருவிக்கிட்டு மாடி ஏறினேன்.

பொண்ணு ரூமுக்கு நேர் மேல, அந்த மூலையில கணுக்காலுக்கு மேல தண்ணி நிக்குது. பாகூர் ஏரியையே தூக்கி எங்க தலை மேல வெச்ச மாதிரி இருக்கு! பைப்பு வாயில கைய வுட்டேன். அழுகின வாழயெல, பிடிபிடியா வந்துச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. மாமனார் போனதுலேந்து எங்க வூட்டுக்காரரு அமாவாசை தவறாம காக்காவுக்குச் சோறு வைக்கறது அந்த மூலையிலதான். தென்னமட்டை அங்கதான் சாஞ்சிருக்கு, காக்கா அங்கதான் எறங்கும்பாரு. காக்கா சோத்தைத் தின்னுட்டுப் போயிடுது, எலைய யாரு தின்னுவா? அது காத்துல நகந்து நகந்து பைப்புக்குள்ள போயிருக்கு, அமாவாசைக்கு ஒண்ணா.

கீழ நின்னுக்கிட்டு அவரு கத்துனாரு, "ஏய், அங்க கைய வைக்காதடி! எங்கப்பா வந்து சாப்புடற எடம்!"

"சாப்ட்டவரு எலைய எடுத்துப் போட்டிருக்கலாம் இல்ல!"ன்னேன். மாமனார் தங்கமான மனுசன், எனக்கு அவரு மேல உசுரு. ஆனா கோவத்துல வாய் நிக்குதா?

சவுக்குக் கழியை எடுத்து மேலேந்து குத்துனேன். குத்தக் குத்த உள்ள இன்னும் இறுகிப்போச்சு. அது என் புத்திகெட்டதனம், ஒத்துக்கறேன். எறங்கி வந்து, பைப்பை அவரைப் புடிச்சிக்கச் சொல்லிட்டு, அடியில வளையற எடத்துல ஆக்சா பிளேடால அறுத்தேன். மொணமொணன்னுக்கிட்டே குந்திப் புடிச்சாரு. முக்கால்வாசி அறுக்கறதுக்குள்ள டமால்னு ஒரு சத்தம். எல, சோறு, வேப்பங்கொட்டை, மேல நின்ன தண்ணி அத்தனையும் கறுப்பா அவரு மேல பாஞ்சிடுச்சு. அப்பாவுக்கு வெச்சதெல்லாம் புள்ள தலையில! நான் கைதட்டிச் சிரிச்சேன். அவரு கண்ணைத் தொடச்சிக்கிட்டு மேல பாத்தாரு, பைப்பைப் பாத்தாரு, "போவுதுடி, தண்ணி போவுதுடி!"ன்னு என்னை விட சத்தமா கத்துனாரு.

அறுத்த வளைவுக்குப் புது எல்போ மாட்டி, மேல பைப்பு வாய்க்குக் கம்பி வலை வெச்சோம். தீபாவளி அமாவாசைக்கு அவரு சோத்தை எல இல்லாம, கெழக்குக் கைப்பிடிச் சுவத்து மேல ஒரு ஓட்டுத் துண்டுல வெச்சாரு. எடம் மாத்திட்டமே, அப்பா வருவாரோ மாட்டாரோன்னு அவரு பட்ட பாடு இருக்கே! மூணு காக்கா வந்துச்சு. அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்குந்தான்.

ரூமுல ஃபேனை நிறுத்தாம ஓடவிட்டு, காஞ்சதும் சுண்ணாம்பு அடிச்சோம். அபிஷேகப்பாக்கத்துல வளைகாப்பு முடிஞ்சதும், "நான் வந்து பாத்துட்டுத்தான் புள்ளைய வுடுவேன்"னு சம்பந்தியம்மாவும் ஆட்டோவுல கூடவே ஏறிக்கிட்டாங்க. வழியிலயே மழை புடிச்சிக்கிச்சு. வூட்டு வாசல்ல எறங்குறப்போ பொண்ணோட பை ஆட்டோவுலயே இருந்துச்சு. யாரும் எடுக்கல, எடுக்கச் சொல்லவும் இல்ல.

அவங்க நேரா ரூமுக்குப் போனாங்க. சீலிங்கை அண்ணாந்து பாத்தாங்க. சுவரை உள்ளங்கையால இந்த மூலைலேந்து அந்த மூலை வரைக்கும் தடவிப் பாத்தாங்க. பின்பக்கம் பைப்பு அண்டாவுல தடதடன்னு கொட்டிக்கிட்டிருந்துச்சு. எம் பொண்ணு என் கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னா.

சம்பந்தியம்மா கையத் திருப்பிப் பாத்தாங்க. சுண்ணாம்புத் தூசிதான், ஈரம் இல்ல. வாசலுக்குப் போயி, "தம்பி, பைய எறக்கி உள்ள வைப்பா"ன்னாங்க.

அன்னிக்கு எம் பொண்ணுக்கு அந்த அண்டாத் தண்ணியிலதான் பருப்பு வேக வெச்சேன்.