அத்தை கையில் அரிக்கேன் விளக்கு

எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுத் தகர விளக்கு எரிந்த நேரத்தைவிட அணைந்து கிடந்த நேரம்தான் அதிகம். அடியில் ஈயம் விட்டுப்போய்ச் சீமெண்ணெய் கசியும். அத்தை சவுக்காரத்தை அப்பி அடைப்பார். இரண்டு நாளில் மறுபடியும் கசியும். ஆடியில் மேற்குக் காற்று கிளம்பிவிட்டால், ஏற்றி வைத்துத் திரும்புவதற்குள் அணைந்திருக்கும்.

அத்தை அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் எங்களோடு வந்துவிட்டவர். மாடு கன்று, அடுப்பு, அப்பாவின் கோபம் எல்லாமே அவர் சொன்னபடி கேட்கும். தனக்கென்று எதுவும் கேட்காதவர், அந்த வருஷம் விளக்குக்காக மட்டும் விடாமல் நின்றார்.

"இருக்கறதே போதாதுங்களா அக்கா?" என்றார் அப்பா.

"எனக்குச் சேலை வேண்டாம் தம்பி. காத்துக்கு அணையாத வெளக்கு ஒண்ணு வாங்கிட்டு வா."

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து அரிக்கேன் விளக்கு வந்தது. அத்தை அதை உடனே நம்பிவிடவில்லை. பொழுது சாய்ந்ததும் இரண்டு விளக்கிலும் ஒரே அளவு எண்ணெய் ஊற்றி, காற்றுப் படாத மூலையில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றி வைத்தார். நாங்கள் களி தின்று கை கழுவுவதற்குள் தகர விளக்கு புகையைக் கக்கிவிட்டு அணைந்தது. அரிக்கேனில் பாதி எண்ணெய்கூடக் குறையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காற்றில் நின்று பார்த்தார். சுடர் அசையவே இல்லை.

"குடிக்கறது கம்மி, ஒழைக்கறது சாஸ்தி. உங்கய்யனுக்கு நேர் மாறு," என்றார் என்னிடம். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு அப்போது ஏழு வயது. ஊரில் யாரிடமும் இல்லாத அந்த வெளிச்சத்தைத் தோழிகளை அழைத்துக் காட்ட வேண்டும் என்று தவித்தேன். மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். அதற்குள் எதிர்வீட்டு அக்காவுக்கு வலி கண்டுவிட்டதாக ஆள் வந்தது. அத்தை விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"அத்தை, அது நம்மூட்டு வெளக்கு!" என்று பின்னாலேயே ஓடினேன்.

"அங்க ஒரு உசுரு வருது கண்ணு. நீ ஊட்டுக்குப் போ."

நான் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். சோறு உண்ணும் நேரத்துக்கு மருத்துவச்சியே வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளக்க ஆணியில மாட்டி வெய்யுங்கன்னு எத்தனவாட்டி சொல்லியும் கேக்கலீங்க. கொழந்த அழுவற வரைக்கும் கையிலயே புடிச்சுட்டு நின்னாங்க."

புதுக் கண்ணாடி உடைந்துவிடும் என்ற பயம்தான் அத்தைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஏன் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பிறப்பதற்கு முன், ஓர் ஆடி மாதத்தில், விளக்கு அணைந்துபோன அறையில் அத்தைக்கும் ஒரு குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது என்பதே எனக்கு அப்போது தெரியாது.