காரைப்பழத் தட்டு

நான் கூலிக்குப் போன வறண்ட ஊர்களிலெல்லாம் காரைச்செடி நின்றது. இடுப்பளவு உயரம், ஜோடி ஜோடியாக முள், நடுவே மஞ்சள் பழம். ஆடு கடிக்கும், பிள்ளைகள் தின்னும், பெரியவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி மறந்துவிட்டது; அந்த ருசி மறக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் கொள்ளிடத்துத் தண்ணீர் குமராட்சிப் பக்கம் ஏறி, எங்கள் நடவு அழுகிப்போனது. தை மாதம் மாமா கடலூர் செம்மண்டலத்தில் புதுவீடு குடிபோனார். கூடப்பிறந்தவள் சீர்த்தட்டோடு போக வேண்டும்; தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். வேட்டி புடவைக்கு ஒன்று, தேங்காய் வாழைப்பழத்துக்கு ஒன்று என்று அம்மாவால் இரண்டுதான் சேர்க்க முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிப் பார்த்தாள். அண்ணி வீட்டார் சிரிப்பார்கள் என்று மறுபடி பிரித்து வைத்தாள். நான் வெள்ளம் ஏறாத மேட்டுத் திடலுக்கு ஓடி, பாவாடை நிறையக் காரைப்பழம் பறித்து வந்தேன். அம்மா அதை மூன்றாவது தட்டில் கொட்டி, துண்டு போட்டு மூடினாள்.

மினிபஸ், சிதம்பரத்தில் இறங்கிக் கடலூர் பஸ். அந்தத் தட்டு என் மடியைவிட்டு இறங்கவில்லை.

புதுவீட்டுக் கூடத்தில் அத்தையின் பிறந்தவீட்டுத் தட்டுகள் ஆப்பிளும் லட்டுமாக வரிசை கட்டியிருந்தன. மாமா எங்களை வாசலிலேயே மறித்து, பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒத்தப்படைக்கு வேற ஒண்ணும் அமையல அண்ணே" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

மாமா பட்டு வேட்டியோடு செங்கல் குவியலில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். கை கையாக அள்ளி வாயில் போட்டு, கொட்டையைத் துப்பினார். எனக்கு என்று கை நீட்டினேன்.

"போடி, ஒனக்குத்தான் ஊர்ல காய்ச்சித் தொங்குதே."

தங்கச்சி வந்தாச்சா என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கு" என்றார் மாமா, வாய் நிறையப் பழத்தோடு. காலித் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையல்காரரிடம் போனார். திரும்பி வந்தபோது தட்டு நிறைய லட்டு. அம்மா மூன்று தட்டையும் சபையில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். முள் கிழிக்கப் பறித்ததை, ஒரு பழம்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்த மனுஷன். அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் ஒரு பழம் கிடைக்காத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.