செருப்புக் காவல்

வைட்ஃபீல்ட் வீட்டு பால்கனியில் மகளின் செருப்பைத் தட்டினேன். பெசன்ட் நகர் கடற்கரை மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் வளர்ந்த ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போதெல்லாம் அதிரும் எங்கள் வாசல்படியில் அம்மா இதே மணலைத் தட்டிக் கொட்டிய சத்தம் காதில் விழுந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தப்பா கல்யாணத்துக்குச் சென்னை போனவர்கள், மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்கும் போனோம். எல்லோர் காலிலும் எங்கள் ஊர் சிவாஜிநகரில் வாங்கிய புதுச் செருப்பு. கோயில் வாசலில் ஒருமுறை செருப்பைத் தொலைத்தவள் அம்மா. அத்தனையையும் ஜோடி சேர்த்து வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவள் கடலையே பார்த்ததில்லை.

"நீயும் வாயேன். ஒருதரம் கால நனச்சிட்டு வந்துரலாம்," என்றார் அப்பா.

"எல்லாம் புதுசு, யாரு பாத்துக்குவாங்க? நீங்க போங்க. நான் அடுத்த தரம் வரேன்."

நாங்கள் நனைந்து திரும்பியதும் என் ஈரக்காலைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா சில்லுனு இருக்கே," என்றாள். கையை உடனே எடுக்கவில்லை.

அடுத்த தரம் என்று ஒன்று வரவில்லை. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

நேற்று மகள் இழுத்த இழுப்பில், செருப்புகளை மணலிலேயே விட்டுவிட்டு அலைக்குள் இறங்கினேன். இருட்டும்வரை திரும்பவில்லை. கரையில் அவ்வளவு கூட்டம். செருப்புகள் விட்ட இடத்தில் அப்படியே கிடந்தன. யாரும் அவற்றைத் தொடக்கூட இல்லை.